ஏழாம் பெட்டி எலிகள்

அத்தியாயம் 6

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எட்சனுக்கோ வாய் திறந்துகொள்ளும். இருபத்தொன்பது வயதுக்குள் அவன் வாங்கிய அடிகளில் பாதி, மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறந்ததற்காக வாங்கியவை.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி. இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தின் குளிரறை. அதன் தலைவர் டாக்டர் முத்துநாயகம் கையிலிருந்த கண்ணாடிக் குப்பியை மேசையில் வைக்கப் பார்த்தார். அது மேசையில் கடகடவென்று தட்டியது.

"சார், ஆத்தினது போதும், கீழ வையுங்க," என்றான் எட்சன்.

"நீ சும்மா இரி மக்கா," என்றார் பல்கீஸ் பீவி.

பல்கீஸ் பீவிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் அரசாங்கத்தில் மருந்து ஆய்வாளராக இருந்தவர். பெரிய இடத்துப் போலி மாத்திரை ஒன்றைப் பிடித்தார், அதோடு வேலை போயிற்று. இப்போது கோட்டாறில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். எதைக் கையில் எடுத்தாலும் தேதியைத் தேடுகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். சவூதியில் நாலு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பிய எட்சன்தான் அவருடைய ஒரே உதவியாள்.

"இதுக்குள்ள என்ன இருக்கணும் டாக்டர்? படிக்காதவங்களுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க," என்றார் பல்கீஸ்.

முத்துநாயகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் எட்சனுக்குக் குளிரில் பல் கிட்டியது, அவருக்கு வியர்த்தது.

"இரும்புத் துகள். ஒரு தலைமுடியின் குறுக்களவுல ஆயிரம் துகளை வரிசையா நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. கேன்சர் செல்லுக்கு இரும்புப் பசி ஜாஸ்தி, ஆசையா விழுங்கும். உள்ளே போனதும் துகள் கரைஞ்சு இரும்பு வெளியே வரும். செல்லைச் சுத்தி ஒரு கொழுப்புப் படலம் இருக்கு. இரும்பு பட்டதும் அது காறிப்போகும், பழைய எண்ணெய் காறுதில்லையா, அது மாதிரி. படலம் போச்சுன்னா செல் செத்துடும்."

"எங்க ஊரு வள்ளத்து எஞ்சினும் துருப்பிடிச்சு இப்பிடித்தான் சாவுது. அதுக்கு யாரும் ஆராய்ச்சி பண்ணல," என்றான் எட்சன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எலிக்கு மட்டும்தான் இதுவரை போட்டிருக்கோம். தினமும் காலையில ஒவ்வொரு குப்பிக்கும் பக்கத்துல ஒரு சின்னக் காந்தத்தைப் பிடிப்போம். உள்ளே இருக்கிறது காந்தத்துப் பக்கம் நகர்ந்தா சரின்னு குறிச்சுக்குவோம். இன்னைக்கு அந்தக் காந்தத்தைக் காணோம். பழைய ஸ்பீக்கர்ல இருந்து பெரிய காந்தம் ஒண்ணு கழட்டிக் கொண்டு வந்தேன். ஏழாம் தொகுதிக் குப்பியில வச்சதும் உள்ளே இருந்து டிக்குனு சத்தம் வந்தது. துகள் சத்தம் போடாது மேடம்."

பல்கீஸ் குப்பியின் ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். பழுப்புத் தண்ணீர் பரவியது. அடியில் கருப்பாக மணல் தங்கியது, நடுநடுவே ரோஸ் நிறத்தில் சில பொடி.

எட்சனுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவனுக்கு வராது.

"இது எங்க கடப்புறத்துக் கருமண்ணுல்லா. கடியப்பட்டணத்துப் பிள்ளைக கையில ஒரு காந்தம் கிடைச்சா முதல்ல கடப்புறத்துக்குத்தான் ஓடும். காயிதத்துல மண்ணப் போட்டு அடியில காந்தத்த ஓட்டினா மண்ணு ஆடும். நான் ஒரு லீவு முழுக்க அதத்தான் செஞ்சேன். மேடம், களவாண்டவன் கடப்புறத்து ஆளு. எனக்க சம்பளத்தக் கூட்டுங்க."

"இரி. தண்ணிக்கு நிறம் எதுல வந்தது?"

பல்கீஸ் தட்டைச் சன்னலோரமாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். ஐந்து நிமிடம் ஆனது. சன்னல் இடுக்கிலிருந்து ஒரு கட்டெறும்பு வந்தது, பின்னாலேயே அதன் சொந்தபந்தம் முழுக்க வந்தது.

"இரும்புத் தண்ணிக்கு எறும்பு வருமா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து முகர்ந்தார். "கருப்பட்டிக் காப்பி. சுக்கு தட்டிப் போட்டிருக்கு."

எட்சனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு தினமும் காலை ஏழு மணிக்கு அவன் வீட்டிலிருந்து ஒருத்தி இந்தக் கட்டிடத்துக்குத்தான் கிளம்புகிறாள். அவன் அக்கா சகாயசெல்வி. இங்கே எலிக்கூண்டு கழுவுகிற வேலை. புருஷன் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் மீன்பிடிக்கு வடக்கே போனால் மூன்று மாசம் திரும்ப மாட்டான் என்பதால் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். எலிகளை அவள் பிள்ளைகளைப் போலப் பேர் வைத்துக் கூப்பிடுவாள். காது கிழிந்த எலி ஒன்றுக்கு முத்துநாயகம் என்று பேர் வைத்திருந்தாள். அந்தக் கதையை டாக்டர் முன்னால் சொல்லாமல் விழுங்குவதற்குக் காலையிலிருந்தே அவன் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தான்.

கடப்புறத்து ஆட்கள் இங்கே நாலு பேர் வேலை செய்கிறார்கள், எல்லார் வீட்டிலும் சுக்குக் காப்பிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"களவுபோன மருந்த ஒரு மனுசனுக்கு ஊசியா போட்டா என்ன ஆவும்?" பல்கீஸ் கேட்டார்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழாம் தொகுதி தப்பா வந்தது. துகள் மேல இருக்கற பூச்சு ரொம்ப மெலிசு. கட்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தத்துலயே கரைய ஆரம்பிச்சுடும். ஈரல், இதயம், எல்லா இடத்துலயும் காறல்தான். முதல் ரெண்டு நாள்ல எலிகளோட கட்டி நல்லாச் சுருங்கிச்சு. நாங்க கைதட்டினோம். மூணாம் நாள் ஏழாம் பெட்டியில இருந்த பன்னிரண்டு எலியும் செத்துக் கிடந்தது."

"மாத்து மருந்து?"

"இரும்பைப் பிடிச்சு வெளியே கொண்டுபோற மருந்து உண்டு. ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கறது, நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியில இருக்கும். ஒரு நாளுக்குள்ள ஏத்த ஆரம்பிச்சா பிழைக்க வாய்ப்பு இருக்கு. வேற எலிகள்ல அப்படித்தான் பார்த்தோம். ஒரு நாள் தாண்டிட்டா எனக்குத் தெரியாது மேடம்."

எட்சன் நினைத்துப் பார்த்தான். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர், பிழைத்துவிடுவோம் என்று நம்பிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆளை அவனுக்குத் தெரியாது.

"அந்தச் சின்னக் காந்தம் கணக்குப் பாக்க மட்டும்தானா?" என்று கேட்டார் பல்கீஸ்.

"இல்லை. ஊசி போட்டதும் எலியோட கட்டி மேல அதை வச்சுக் கட்டுவோம். துகள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்."

"அப்போ குப்பி என்னைக்குப் போயிருந்தாலும் சரி, காந்தம் இன்னைக்குத்தான் போயிருக்கு. ஊசி இன்னைக்குப் போடப் போறாங்க." பல்கீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னொண்ணு. அலமாரியில பத்துத் தொகுதி இருக்கு. நல்ல மருந்து இத்தனை இருக்கும்போது, கொல்லுத மருந்த ஏன் எடுக்கணும்?"

"தெரியாம எடுத்திருக்கலாம்."

"பாதி தெரிஞ்சு எடுத்திருக்கு. ஏழாம் பெட்டியில கட்டி சுருங்கினதக் கண்ணால பாத்த ஆளு. எலி செத்ததப் பாக்காத ஆளு. மூணாம் நாளு இங்க இல்லாத ஆளு. செத்த விஷயத்த யாரும் பேசலியா?"

முத்துநாயகம் தரையைப் பார்த்தார். "பணம் தர்றவங்க அந்த வாரம் பார்வையிட வர்றதா இருந்தது. வாயே திறக்கக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்கே பெட்டியைக் கழுவிப் புது எலிகளை விட்டுட்டோம்."

"அது எந்தத் தேதி?"

"போன மாசம் பதினெட்டு."

பல்கீஸ் எட்சன் பக்கம் திரும்பவில்லை. மேசை மீதிருந்த பேனாவை எடுத்து, அதில் தேதி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது போல உருட்டினார். "எட்சன், ஆபீசுல போய் லீவு ரெஜிஸ்டரப் பாத்துட்டு வா. பதினெட்டாந் தேதி யாரு லீவு."

பதினெட்டாம் தேதி என்ன நாள் என்று எட்சனுக்கு ரெஜிஸ்டர் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் போனான். முன்னறையில் அபினா என்கிற பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே ரெஜிஸ்டரைத் தள்ளினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மூன்று நாளும் ஒரே பேர். காரணம் எழுதுகிற கட்டத்தில் அக்காவின் உருண்டை எழுத்தில் "தம்பி நிச்சயம்" என்று இருந்தது.

அந்த நிச்சயத்தில் அக்கா இல்லாமல் ஒரு வேலை நடக்கவில்லை. பந்தல்காரனோடு சண்டை போட்டது அவள், மணப்பெண் ஜிஷாவின் கையில் வளையல் போட்டது அவள். ஏழாம் பெட்டி எலிகள் செத்துக் கிடந்த நேரத்தில் அவள் கடியப்பட்டணத்தில் நூற்றைம்பது பேருக்குப் பிரியாணி விளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா எங்கட்டி?" என்று கேட்டான். குரல் அவனுடையது போலவே இல்லை.

"பத்தரைக்கே போயாச்சுல்லா. திங்கக்கிழமைல இருந்து கல்யாண லீவு. தலைவலின்னு சொன்னா. ஏன், வீட்டுல சொல்லலியா?"

எட்சன் வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டான், அதேதான். குளிரறைக்குத் திரும்பியபோது அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அன்னைக்கு யாருமே லீவு இல்ல மேடம். எல்லாரும் எலியோட எலியா குடியிருந்திருக்காங்க."

பல்கீஸ் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்பிடியா? சரி. வண்டிய எடு."

"எங்க மேடம்?"

"கடியப்பட்டணத்துக்கு."

கார் திங்கள்சந்தைக்கு வந்தது. சந்தை முக்கில் வாழைக்குலை ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றது. எட்சன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அக்காவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவது போல ஒரு காட்சி அவன் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. நாளைக்குக் கோயிலில் அவனுக்கும் ஜிஷாவுக்கும் மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் இந்தக் கல்யாணத்தைச் சொல்லி, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார். இரண்டு வாசிப்பு நல்லபடியாகக் கழிந்துவிட்டது.

லாரி நகர்ந்ததும் பல்கீஸ் சொன்னார்: "நிச்சயத்துப் பிரியாணி ஒரு பொதி எனக்குக் குடுத்துவிட்டியே மக்கா. நான் தேதி பாக்குத ஆளுல்லா. பதினெட்டு மறந்துபோவுமா?"

எட்சனுக்கு முகம் வெளிறியது. "பின்ன ஏன் என்னைய ரெஜிஸ்டர் பாக்க விட்டிய?"

"நீ கண்ணால பாத்தாத்தான் வேகமா ஓட்டுவ. நான் சொல்லியிருந்தா வழி முழுக்க எங்கூட வழக்காடுவ."

"எங்க அக்கா விக்க மாட்டா மேடம். களவு அவளுக்கு வராது. ஊர்ல யாரோ நோக்காட்டுல கெடக்காங்கன்னு இரக்கப்பட்டு எடுத்திருப்பா. அவ்வளவுதான்."

"யாருக்கு? ஊர்ல அந்த நோயோட யாரு கெடக்கா?"

எட்சன் யோசித்தான். கடியப்பட்டணத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவன் அம்மாவுக்கு மறுநாள் தெரியும், அவனுக்கு அதற்கடுத்த வேளைச் சாப்பாட்டில் தெரியும். அப்படி யாரும் இல்லை. ஒரு பேர்கூட வரவில்லை.

"உங்க அக்கா இந்த ரெண்டு மூணு மாசமா எப்பிடி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. எனக்கக் கல்யாணத்துக்குத் துணி எடுக்கணும்னு மூணு வட்டம் திருவனந்தபுரம் போனா. மூணு வட்டமும் வெறும் பையோடதான் வந்தா. நான்கூடக் கேட்டேன், துணிய எல்லாம் கண்ணாலயே உடுத்திட்டு வந்தியான்னு."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அம்மாண்டிவிளை இறக்கத்தில் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் இடது கையைத் தூக்கித் தலைமுடி கட்ட முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டதும், தோள் பிடித்துக்கொண்டது என்று சொன்னதும், கல்யாண வேலையைக் கண்டால் உனக்கு மட்டும் எல்லாம் பிடித்துக்கொள்ளுமே என்று அவன் கேலி செய்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"மேடம்," என்றான். "வாங்கின ஆளுன்னு யாரும் இல்ல. அவளுக்குத்தான்."

"எனக்கும் எறும்பப் பாத்தப்பவே அப்பிடித்தான் தோணிச்சு மக்கா. விக்கப் போறவ வீட்டுக் காப்பியவா ஊத்தி வைப்பா? அவசரமும் பயமும் உள்ளவதான் கையில இருக்கத ஊத்துவா." பல்கீஸ் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அழுதா ரோடு தெரியாது. ஓட்டு."

மணி பன்னிரண்டே முக்காலுக்கு எட்சனின் தெருமுனையில் கார் நின்றது. அதற்குமேல் போக முடியவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு வலையை விரித்துப் போட்டுப் பத்துப் பேர் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவள் நேசம்மாள், ஜிஷாவின் சித்தி. சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவள்தான்.

"மாப்பிள்ள, என்ன இந்தப் பாய்ச்சலு?" என்று அவள் கேட்டாள். எட்சன் வலையை மிதித்துக்கொண்டு ஓடினான்.

அம்மா வீடுவீடாகக் கல்யாணம் விளிக்கப் போயிருந்தாள். வீட்டுக்குள் ஆள் சத்தம் இல்லை. அக்காவின் அறைக்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"அக்கா."

உள்ளே ஏதோ பாத்திரம் நகர்ந்தது.

"அக்கா, கதவத் தொற. எல்லாம் தெரிஞ்சாச்சு. அத போட்டுராத."

"நீ போலே," என்றது சகாயசெல்வியின் குரல். அழுது முடித்த குரலாக இருந்தது. "ஒரு பத்து நிமிசம் என்னை விடு. எல்லாம் சரியாப் போவும்."

"அது கொல்லுத மருந்துக்கா. ஏழாம் பெட்டி எலி அத்தனையும் செத்துப்போச்சு."

"பொய் சொல்லாத. நான் எனக்கக் கையால தொட்டுப் பாத்தேன். நெல்லிக்கா அளவு இருந்த கட்டி ரெண்டே நாளுல மிளகு அளவுக்கு ஆச்சு. ஒரு எலிக்குக்கூட முடி கொட்டலலே." அவள் மூச்சு வாங்கினாள். "திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில, மருந்து ஏத்தினா எனக்கு முடி எல்லாம் கொட்டும்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு மூணாவது ஓலை. நான் மொட்டத் தலையோட உனக்கக் கல்யாணத்துல வந்து நிக்கவா? நம்ம குடும்பத்துல இந்த நோய் இருக்குன்னு தெரிஞ்சா பொண்ணத் தருவாங்களா?"

எட்சன் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் சொன்னதில் பாதி பொய், மீதி கேலி. இன்றைக்கு ஒரே ஒரு உண்மை சொல்ல வந்திருக்கிறான், அவள் நம்பவில்லை. உள்ளே அவள் கையில் ஊசி இருக்கிறது. கதவை உடைக்க முழுதாக ஒரு நிமிஷம் ஆகும், ஊசி குத்த அவ்வளவு நேரம் ஆகாது.

பல்கீஸ் அவன் காதருகில் வந்தார். "அவளுக்குத் தெரிஞ்சதக் கேளு மக்கா. நமக்குத் தெரிஞ்சதச் சொல்லாத."

எட்சன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான்.

"அக்கா, அந்தக் காது கிழிஞ்ச எலி. உனக்க முத்துநாயகம். நிச்சயம் கழிஞ்சு நீ வேலைக்குப் போனப்ப அது பெட்டியில இருந்துதா?"

எட்சன் கதவைத் தட்டினான்.

"இருந்துதாக்கா?"

"வேற பெட்டிக்கு மாத்திட்டாங்கன்னு அபினா சொன்னா."

"எந்தப் பெட்டிக்கு? அங்க இருக்க எல்லாப் பெட்டியையும் நீதான தினமும் கழுவுத. அதுக்கு அப்புறம் ஒரு நாளாவது அந்தக் காதப் பாத்தியா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மனசுக்குள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

சகாயசெல்வி கட்டிலில் போய் உட்கார்ந்தாள். நைட்டிக்கு மேலே, இடது மார்பில், பிளாஸ்திரி போட்டு அந்தச் சின்னக் காந்தத்தை ஒட்டியிருந்தாள். தலையணை மேல் நிரப்பின ஊசி கிடந்தது. எட்சன் அதைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவள் கால்களைக் கட்டிக்கொண்டான்.

"போடல மேடம். போடல," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பல்கீஸ் சிரிக்கவில்லை. பழக்கம் காரணமாகக் குப்பியை எடுத்துச் சீட்டைப் படித்தார். ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி குப்பியைப் பார்த்தார்.

"குப்பி பத்து மில்லி. ஊசியில அஞ்சு இருக்கு. குப்பியில நாலு. ஒண்ணு எங்க மோளே?"

சகாயசெல்வி தம்பியின் தலையில் கையை வைத்தாள். "அது நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போட்டேன். பயந்து பேடிச்சுப் போய் கொஞ்சமாத்தான் போட்டேன். காலைல தொட்டுப் பாத்தா கட்டி அப்பிடியே இருந்தது. காந்தம் வைக்காததுனாலதான் பிடிக்கலன்னு நெனச்சேன். அதான் இன்னைக்கு அத எடுத்துட்டு வந்தேன்."

எட்சன் நிமிர்ந்து பல்கீஸின் முகத்தைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் அவன் பயத்தைப் பார்த்ததில்லை.

"நான் தப்பா நெனச்சுட்டேன் மக்கா," என்றார் அவர் மெதுவாக. "காந்தம் இன்னைக்குப் போனா ஊசியும் இன்னைக்குன்னு நெனச்சுட்டேன்."

"காலைல இருந்து வாயில ஆணியச் சப்பின மாதிரி இருக்கு," என்றாள் சகாயசெல்வி. "அது அதுனாலயா?"

பல்கீஸ் ஏற்கெனவே போனில் நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாற்று மருந்தை எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்சன் அக்காவைத் தூக்கி நிறுத்தினான். நாலு எட்டு வைத்ததும் அவளுக்குக் கால் மடங்கியது. அவளை வாசல்படியில் உட்காரவைத்துவிட்டு, காரைத் தெருவுக்குள் கொண்டுவர ஓடினான்.

வலை இன்னும் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு கண்ணி கூடத் தூக்கிவிடாமல் பத்துப் பேரும் அவனையே பார்த்தார்கள். நேசம்மாள் ஊசிநூலைக் கையில் பிடித்தபடி எழுந்தாள்.

"என்னதுலே? செல்விக்கு என்ன?"

வாசல்படியிலிருந்து சகாயசெல்வி தலையை ஆட்டினாள். சொல்லாதே என்று கையைக் காட்டினாள். காய்ச்சல் என்று சொன்னால் போதும், நாளைக்கு மூன்றாவது ஓலை வாசித்துவிடுவார்கள். காய்ச்சலுக்கு யாராவது முப்பது பாகம் நீள வலையை நடுவேலையில் சுருட்டுவார்களா என்று எட்சன் ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணம்கூட அவனுக்குப் பயமாக இருந்தது.

"அக்காவுக்குக் கேன்சர்," என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். "வெளியே தெரியக்கூடாதுன்னு தப்பான மருந்தப் போட்டுட்டா. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில மாத்து மருந்து ஏத்தணும். வலைய எடுங்க."

பத்துப் பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். காலையிலிருந்து பார்த்து வைத்த கண்ணியெல்லாம் சிக்கலாகும் என்று தெரிந்தும் வலையை வாரிச் சுவரோரமாகத் தள்ளினார்கள். கார் உள்ளே வந்தது. இரண்டு பெண்கள் சகாயசெல்வியைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். பல்கீஸ் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எட்சன் கியரைப் போட்டபோது நேசம்மாள் வந்து சன்னலைத் தட்டினாள்.

"நீ போ. நான் ஜிஷாட்டச் சொல்லிக்கிடுதேன்," என்றாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

கார் மணவாளக்குறிச்சி தாண்டியது. பின்னால் சகாயசெல்வி நெஞ்சில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்தெடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நேசம்மா சொல்லிருவாலே. நாளைக்கு ஓலை வாசிக்க மாட்டாங்க."

"வாசிக்காட்டி போட்டும்."

"எட்சா, எனக்குப் பேடியா இருக்கு. எதாவது சொல்லுலே. நீ எப்பவும் எதாவது சொல்லுவியே."

அவன் வாயைத் திறந்தான். பயம் வந்தால் திறந்துகொள்ளும் வாய் அவனுக்கு. அன்றைக்குத் திறந்தது, உள்ளே ஒரு சொல்கூட இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த எலிக்கு ஏன்க்கா முத்துநாயகம்னு பேரு வச்ச?" என்று கடைசியில் கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது இருமலில் போய் முடிந்தது. "பின்ன என்ன. எது நடந்தாலும் வாயத் தொறக்காம மூலையில போய் நிக்கும்."

பல்கீஸ் முன்னே சாய்ந்து காரின் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பதினைந்து ஆகியிருந்தது. எட்சன் நாகர்கோவில் போகிற வெள்ளிச்சந்தைப் பாதையில் காரைத் திருப்பினான்.